கருவி வளர எழுத்துத் தேய்வதா?

மாந்தன் தன் உள்ளத்துள்ளதைப் பிறர்க்கு உணர்த்தக் கண்ட முதற் கருவி மொழி. அம்மொழி காலத்தையும் தொலைவையும் கடந்து செல்லக் கண்ட கருவி எழுத்து. ஓலையும் தாளும், அச்சும் கம்பியும், அலையும் திரையும் ஆகிய எல்லாம் பேச்சையும் எழுத்தையும் சுமந்து செல்லும் ஊர்திகளே. ஊர்தி தலைமுறைக்குத் தலைமுறை மாறும், மாறவும் வேண்டும். மாட்டுவண்டி போய்ப் புகைவண்டி வந்ததற்கு அழுவார் அறிவுடையார் ஆகார். ஆனால், விரைவான ஊர்தி கிடைத்ததென்னும் களிப்பில், ஏற்றிச் செல்லவேண்டிய பொருளைத் தெருவிலேயே இறக்கி வைத்துவிட்டு வெறும் வண்டியை ஓட்டிச் செல்வானை என்னென்பது? கைப்பேசி என்னும் விரைவூர்தியைக் கையிற் பெற்ற தமிழன், தன் எழுத்தை இறக்கி வைத்துவிட்டுத் தன் மொழியை உரோமன் எழுத்தில் எழுதிக்கொண்டிருக்கிறான். இது சிறு பிழையன்று. ஒரு தலைமுறைக்கும் மறு தலைமுறைக்கும் இடையே வெட்டப்படும் பள்ளம்.

தமிழை உரோமன் எழுத்தில் எழுதுவது புதிய செயலன்று. 1554-ஆம் ஆண்டிலேயே அது நடந்தது. போர்த்துக்கல் நாட்டு இலிசுபன் நகரில் அவ்வாண்டு அச்சிடப்பட்ட கிறித்தவ மறைச் சிறுநூலில், தமிழ்ச் சொற்கள் உரோமன் எழுத்திலேயே பொறிக்கப்பட்டன. அன்று அதற்குத் தக்க கரணியம் இருந்தது. தமிழெழுத்துக்கு அச்சு வார்க்கப்படவில்லை. அச்சகத்தாரிடம் இருந்தது உரோமன் எழுத்து ஒன்றே. ஆயினும், அயல்நாட்டிலிருந்து வந்த சமயப் பணியாளர்கள் அந்நிலையோடு அமைந்துவிடவில்லை. தமிழ்மக்களிடம் செல்லவேண்டுமாயின் தமிழெழுத்தில்தான் செல்லவேண்டும் என்பதை அவர்கள் உணர்ந்தனர். இருபத்து நான்கே ஆண்டுகளில், 1578-இல், கொல்லத்தில் அன்றீக்கு அடிகளாரின் ‘தம்பிரான் வணக்கம்’ தமிழெழுத்திலேயே அச்சாகி வெளிவந்தது. பதினாறே பக்கங் கொண்ட அச்சிறு நூல், இந்திய மொழியொன்றின் எழுத்தில் இந்திய மண்ணில் அச்சான முதல் நூல் என்னும் பெருமை பெற்றது. 1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கும் அவர் கூட்டத்தாரும் அச்சகம் நிறுவியதோடு நில்லாது, அருகிருந்த பொறையாற்றில் எழுத்து வார்க்கும் பட்டறையும் தாளாலையும் கண்டனர். செருமானிய நாட்டிலிருந்து வந்த எழுத்துகள் பருத்திருந்தமையால், தாளை மிச்சப்படுத்தும் சிறிய எழுத்துகளை இங்கேயே வார்த்துக்கொண்டனர். தம் சமயத்தைப் பரப்புவதே அவர் நோக்கம் ஆகுக. அந்நோக்கிற்கும் தமிழெழுத்தையே அவர்கள் தேடிச் சென்றனர் என்பது கருதத் தக்கது.

அச்சு நெடுங்காலம் பிறர் கையிலேயே இருந்தது. 1835-ஆம் ஆண்டுச் சட்டத்தால் கட்டு நீங்கிய பின்னரே இந்நாட்டார் தடையின்றித் தமக்கென அச்சகம் வைக்கலாயினர். அதன் விளைவு யாது? ஏட்டுச் சுவடிகளிற் செல்லுக்கும் நீருக்கும் நெருப்புக்கும் இரையாகிக்கொண்டிருந்த பழந்தமிழ் நூல்கள் ஒவ்வொன்றாகக் கரையேறின. சி. வை. தாமோதரனார் கலித்தொகையை 1887-இல் அச்சேற்றினார். உ. வே. சாமிநாதர் அதே ஆண்டிற் சீவக சிந்தாமணியையும், 1892-இற் சிலப்பதிகாரத்தையும், 1894-இற் புறநானூற்றையும், 1898-இல் மணிமேகலையையும் அச்சில் தந்தார். ஓரூரில் ஒருவர் வீட்டுப் பரணிற் கிடந்த ஏடு, ஆயிரவர் கையில் நூலாகத் தவழ்ந்தது. தமிழன் தன் பழம்பெருமையைத் தானே அறிந்தது அதன் பின்னரே. புதிய கருவி பழைய எழுத்தைச் சுமந்தபோது விளைந்த நன்மை இது. கருவியைப் பழிப்பார் இதனை மறத்தலாகாது.

அடுத்து மடற்காலம். இந்திய அஞ்சலட்டை 1879-இல் காலணா விலையில் வெளிவந்தபின், ஏழையும் எழுதலானான். எழுதத் தெரியாதவன் எழுதத் தெரிந்தவனைக் கொண்டு எழுதுவித்தான். அம்மடல்களின் தொடக்கத்தில் நின்ற ‘மகாராசராசசிறீ’யும் இறுதியில் நின்ற ‘நமசுகார’மும் இருபதாம் நூற்றாண்டில் மெல்ல மெல்லப் பெயர்ந்து, ‘திருவாளர்’ என்றும் ‘வணக்கம்’ என்றும் ஆயின. 1916-இல் மறைமலையடிகள் தொடங்கிய தனித்தமிழ் முயற்சியும், அதன்பின் எழுந்த தன்மான இயக்கத்தாரின் மேடைகளும் இதழ்களும், மக்கள் நாவிலும் கையிலும் இம்மாற்றத்தை ஏற்றின. ‘அக்கிராசனர்’ போய் ‘அவைத்தலைவர்’ வந்தார். ‘விவாக சுபமுகூர்த்தப் பத்திரிகை’ போய்த் ‘திருமண அழைப்பிதழ்’ வந்தது. இவற்றை எந்தச் சட்டமும் ஆணையிடவில்லை. எழுதுவோர் எழுதினர், படிப்போர் பழகினர், இன்று அவை எல்லார்க்கும் உரிய சொற்கள். மடலின் ஆற்றலை நன்குணர்ந்த மு. வரதராசனார் ‘அன்னைக்கு’, ‘தம்பிக்கு’, ‘தங்கைக்கு’ என மடல் வடிவிலேயே நூல்கள் ஆக்கித் தந்தார் என்பதும் ஈண்டு நினையத்தக்கது.

மடற்காலத்தின் உடன்பிறப்பாக வந்தது தந்தி எனப்பட்ட தொலைவரி. அது விரைவாக வந்தது. ஆனால் தமிழாக வரவில்லை. மோர்சு குறியீடு உரோமன் எழுத்துக்கெனவே அமைந்தது. ஆதலின் தமிழ்நாட்டுச் சிற்றூருக்குள் வரும் சாவுச்செய்தியும் ஆங்கிலத்திலேயே வந்தது. அஞ்சற்காரர் தொலைவரியோடு தெருவில் நுழைந்தார் எனின், உறையைப் பிரிக்கு முன்பே வீட்டார் அழத் தொடங்குவர். அழுத கண்ணோடு, ஆங்கிலம் அறிந்தாரைத் தேடி அடுத்த தெருவுக்கும் அடுத்த ஊருக்கும் ஓடுவர். தன் தந்தை இறந்தாரா, நோயுற்றுக் கிடக்கின்றாரா என்பதைக் கூடத் தன் கையிலுள்ள தாளிலிருந்து தானே அறியமாட்டாத இழிநிலை அது. விடுதலைக்குப் பின் இந்தியைத் தேவநாகரி எழுத்திலேயே தொலைவரியில் விடுக்க வழி செய்யப்பட்டது. தமிழ்ச்சிற்றூரான் வழக்கம்போல் ஆங்கிலம் அறிந்தாரைத் தேடியே ஓடினான். 2013 சூலைத் திங்களில் இந்தியாவில் தொலைவரிப் பணி முடிவுக்கு வந்தது. அதற்காக வருந்தினார் பலர். ஆனால் அது தமிழர்க்குக் கற்பித்த பாடத்தை எண்ணினார் சிலரே. விரைவாக வரும் செய்தி, படிக்கவியலாத எழுத்தில் வருமாயின், அது வந்தும் வராததே.

நாளிதழ்களின் கதை வேறு. 1882-இற் கிழமை இதழாகத் தோன்றிய ‘சுதேசமித்திரன்’ 1899-இல் நாளிதழாயிற்று. 1934-இல் ‘தினமணி’ வந்தது. 1942-இல் மதுரையிற் சி. பா. ஆதித்தனார் தொடங்கிய ‘தந்தி’, எழுத்துக்கூட்டிப் படிப்பவனும் படிக்குமாறு சிறு தொடர்களிற் செய்தி தந்தது. தேநீர்க்கடை விசிப்பலகையில் ஒருவர் உரக்கப் படிப்பார். பதின்மர் சூழ்ந்து கேட்பர். நாடோறும் கேட்டுக் கேட்டு, தாமே படிக்கும் வேட்கை கொண்டு எழுத்துக் கற்றார் உளர். எழுத்தறியாதவனை எழுத்தின்பால் இழுத்த கருவி அந்நாளிதழ். கருவி ஒன்றை அளக்கவேண்டிய கோல் இதுவே: அது மக்களை எழுத்தின்பால் இழுக்கின்றதா, எழுத்தினின்று விலக்குகின்றதா?

வானொலி எழுத்தின்றியே வந்தது. 1938-இற் சென்னையிலும் 1939-இல் திருச்சிராப்பள்ளியிலும் அனைந்திந்திய வானொலி நிலையங்கள் எழுந்தன. பூங்காக்களிலும் ஊராட்சி மன்றங்களிலும் ஒலிபெருக்கியின் கீழ் மக்கள் கூடினர். எழுத்தறியாத உழவனும் நல்ல தமிழைக் காதாரக் கேட்டான். 1960-களில் ஆடுதுறை 27 என்னும் புது நெல்லைப் பற்றி வானொலி வாயிலாகக் கேட்டறிந்து பயிரிட்ட தஞ்சை உழவர், அதனை ‘ரேடியோ நெல்’ என்றே அழைத்தனர். வேளாண் அறிஞர் ஆய்ந்தது உழவன் வயலில் விளைந்தது, உழவன் மொழியிற் சொல்லப்பட்டமையால். ஆனால் அக்கருவியின் பெயரே போராட்டத்திற்குரிய பொருளாயிற்று. தமிழர் ‘வானொலி’ என்று அழகாகப் பெயரிட்டு வழங்கிய பின்னரும், ‘ஆகாசவாணி’யைத் திணிக்கும் முயற்சி விடுதலைக்குப் பிற்பட்ட காலத்தில் எழுந்தது, எதிர்ப்பும் எழுந்தது. 2023-ஆம் ஆண்டில் அப்பெயரையே எங்கும் வழங்குக என்னும் ஆணை மீண்டும் பிறந்தபோது தமிழ்நாட்டில் மீண்டும் எதிர்ப்பொலி கேட்டது. பெயரை மாற்றுவது சிறு செயல் எனச் சிலர் கூறுவர். சிறு செயலாயின் அதன்மேல் இத்துணைப் பிடிவாதம் ஏன் என்பதற்கு அவர் விடை கூறுக.

தொலைக்காட்சி சென்னைக்கு 1975 ஆகத்து 15-இல் வந்தது. 1982 முதல், இரவின் நல்ல பொழுதை வடபுல நிகழ்ச்சி விழுங்கியது. 1993-இல் தனியார் தமிழ் அலைவரிசைகள் தோன்றியபோது தமிழுக்கு வாழ்வு வந்ததெனப் பலர் மகிழ்ந்தனர். வாழ்வு வந்தது வணிகத்துக்கு. தமிழுக்கு வந்தது கலப்பு. வானொலியில் ஓர் ஒலிப்புப் பிழைக்கு வெட்கிய அறிவிப்பாளர் மரபு போய், முழுத்தொடரைத் தமிழிற் சொல்ல வெட்கும் அறிவிப்பாளர் மரபு பிறந்தது. இதனை விரித்தல் வேண்டா. தமிழர் ஒவ்வொருவரும் நாடோறும் தம் வீட்டிற் காண்பதே.

இனித் தலையாய சிக்கலுக்கு வருவோம். இந்தியாவில் 1995-ஆம் ஆண்டிற் கைப்பேசியும் பொது இணையமும் ஒருங்கே அடியெடுத்து வைத்தன. தொடக்கத்து வந்த கைப்பேசிகளிற் பெரும்பாலானவற்றில் தமிழெழுத்து இல்லை. இருந்தபோதும் ஒரு தடை இருந்தது. குறுஞ்செய்தி ஒன்றில் உரோமன் எழுத்தாயின் 160 குறிகள் எழுதலாம். ஒருங்குறித் தமிழாயின் 70 குறிகளுக்கே இடம். அதிலும், ‘கு’ என்னும் ஓரெழுத்தே ககரம் ஒன்று, உகரக்குறி ஒன்று என ஈரிடம் கொள்ளும். ஆகவே தமிழில் எழுதியவன் ஒரு செய்திக்கு இரு செய்தியின் கட்டணம் இறுக்க நேர்ந்தது. அன்றைய இளைஞன் உரோமன் எழுத்தை நாடியதற்கு இஃதொரு கரணியம். 1554-இல் இலிசுபன் அச்சகத்தாருக்கு இருந்த கரணியம் போன்றதே இதுவும் எனக் கொள்க.

ஆனால் இன்று? ஒருங்குறியில் 1991 முதலே தமிழுக்கு இடமுண்டு. 1999-இற் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டித் ‘தமிழ் 99’ விசைப்பலகை வகுக்கப்பட்டது. திறன்பேசி எதுவாயினும் தமிழ் விசைப்பலகை அதனுள் விலையின்றிக் கிடக்கின்றது. வாட்சப்பு எனப்படும் புலனத்தில் எழுத்தெண்ணிக் கட்டணம் வாங்குவார் இலர். கரணியம் முற்றிலும் தீர்ந்தது. பழக்கம் மட்டும் தீரவில்லை. அயலார் இருபத்து நான்கு ஆண்டுகளில் விட்டொழித்த குறையை, தமிழர் முப்பது ஆண்டுகளாகியும் அணியாகப் பூண்டிருக்கின்றனர்.

இதன் விளைவை எத்தனையோ வீடுகளிற் காணலாம். சிற்றூரில் வாழும் மூதாட்டி ஐந்தாம் வகுப்பளவே படித்தவள். எனினும் செய்தித்தாளைத் தடையின்றிப் படிப்பாள். பெங்களூரிலோ கடல்கடந்தோ வாழும் பேரன் அவளுக்குக் கைப்பேசி வாங்கித் தந்திருக்கிறான். நாடோறும் செய்தியும் விடுக்கிறான். பேரன் எழுதுவது தமிழ். ஆனால் எழுத்துத் தமிழன்று. மூதாட்டி கண்ணாடியை மாட்டிக்கொண்டு உற்று உற்றுப் பார்க்கிறாள், ஓரெழுத்தும் விளங்கவில்லை. கைப்பேசியை ஏந்திக்கொண்டு அடுத்த வீட்டுப் பெண்ணைத் தேடிப் போகிறாள். அவள் தாய் தொலைவரியை ஏந்தி ஆங்கிலம் அறிந்தாரைத் தேடி ஓடினாள்; இவள் பேரன் எழுதிய தமிழை ஏந்தி உரோமன் எழுத்து அறிந்தாரைத் தேடி ஓடுகிறாள். அன்று வந்தது அயலான் மொழி. இன்று வருவது சொந்தப் பேரனின் தாய்மொழி. அன்றைய இழிவு ஆளவந்தான் சுமத்தியது. இன்றைய இழிவு தமிழன் தானே தேடிக்கொண்டது.

மறுபுறம் நோக்குக. அம்மூதாட்டி தன் கையால் தமிழில் ‘நலமா?’ என்று எழுதி விடுத்தால், ஆங்கிலவழிப் பள்ளியிற் படித்த கொள்ளுப்பேரனுக்கு அதனைப் படிக்கத் தெரியவில்லை. இருவரும் பேசுவது ஒரே மொழி. இருவர்க்கும் இடையே எழுத்தால் ஒரு வரி செல்ல வழியில்லை. இதனினும் பெரிய பிளவு ஒரு குடும்பத்தில் வேறு உண்டா?

உரோமன் எழுத்து தமிழொலியைத் தாங்கும் என்பாரும் உளர். அவர் ‘வலி’, ‘வளி’, ‘வழி’ என்னும் மூன்றையும் கைப்பேசியில் எழுதும் முறையிலேயே எழுதிக் காட்டுக. பெரும்பாலும் மூன்றும் ஒன்றாகவே நிற்கும். ‘மனம்’ ‘மணம்’ ஆகும். ‘அறம்’ ‘அரம்’ ஆகும். ‘கலை’ பயிரிடைக் ‘களை’யாகும். குறில் நெடில் வேறுபாடு எழுதுவோன் விருப்பத்திற்கேற்ப வந்தும் வாராதும் நிற்கும், ‘படம்’ ‘பாட’மாகும். எழுத்தில் வேறுபாடு அழிந்தால், அதனையே பார்த்து வளரும் பிள்ளையின் நாவிலும் வேறுபாடு அழியும். ழகரம் நாவிற் குழைகின்றதே எனக் கவலும் ஆசிரியர், அது கையிலேயே இல்லாதொழிவதை முதலிற் கவல்க.

எழுத்து உடை போன்றது, மாற்றினால் என்ன என்பார் துருக்கியைக் காட்டுவர். துருக்கி 1928-இல் அரபு எழுத்தை நீக்கி உரோமன் எழுத்தை மேற்கொண்டது மெய்யே. ஆனால் அஃது அரசே முன்னின்று, ஒலிக்கு எழுத்து வரையறுத்து, பள்ளிதோறும் கற்பித்துச் செய்த மாற்றம். அங்ஙனம் ஒழுங்காகச் செய்தும், அடுத்த தலைமுறை தன் பாட்டன் நூலையும் அவன் கல்லறை எழுத்தையும் தனியே பயின்றாலன்றிப் படிக்கமாட்டாதாயிற்று. வரையறை ஏதுமின்றி, ஆளுக்கொரு வகையாய் எழுதும் கைப்பேசி உரோமன் எழுத்து, துருக்கியர் அடைந்த ஒழுங்கையும் தாராது. அவர் இழந்ததை மட்டும் தரும். தமிழ் மாற்றத்தை வெறுப்பதன்று. பெரியார் 1935-இற் கையாளத் தொடங்கிய எழுத்துச் சீரமைப்பை, 1978-இல் தமிழ்நாட்டரசு ஆணையாக்கிப் பதின்மூன்று எழுத்துகளின் வடிவை ஒழுங்குசெய்தது. பழைய வடிவு கற்றவர் புதியதைப் படித்தனர். புதியது கற்றவர் பழையதைச் சிறு முயற்சியாற் படிக்கின்றனர். சீரமைப்பு என்பது அது. வேரொடு களைவது சீரமைப்பாகாது.

தமிழில் எழுதுவது காலந்தாழ்க்கும் என்பார் ‘வணக்கம்’ என்னும் ஒரு சொல்லை எழுதிப் பார்க்க. உரோமன் எழுத்தில் எட்டு விசை. தமிழ் 99-இல் ஆறு விசை. உயிர் ஒருபுறமும் மெய் ஒருபுறமும் நிற்கும் அப்பலகையில், ககரத்தை இருமுறை தட்டினால் புள்ளி தானே விழும். ஒரு கிழமை பழகினால் விரல் தானே ஓடும். பழகாத கையின் சோம்பலைப் பழகிய எழுத்தின் குறையாகக் கூறுதல் முறையன்று.

குரற்பதிவு விடுத்தாற் போதுமே, எழுதுவது ஏன் என்பாரும் உளர். எழுத்தறியாத தாய், பாலை நாட்டில் உழைக்கும் மகனுக்குத் தன் குரலையே விடுக்க முடிகின்றதெனின் அது பெரும்பேறே. அதனைப் பழிப்பார் நெஞ்சிலர். ஆனால் எழுதத் தெரிந்தவனும் எழுதாது பேசியே ஒழிவானாயின், அவன் பெயரன் கையில் என்ன எஞ்சும்? பாட்டன் எழுதிய அஞ்சலட்டை இன்னும் பெட்டியடியில் இருக்கின்றது. கைப்பேசி பழுதாகும் நாளில் குரலும் பழுதாகும். அன்றியும், மொழிபெயர்க்கும் பொறியும் பேச்சை எழுத்தாக்கும் பொறியும் மாந்தர் எழுதிவைத்த எழுத்திலிருந்தே மொழியைக் கற்கின்றன. தமிழர் தமிழெழுத்தில் எழுதாராயின், அப்பொறிகள் நாளை எத்தமிழைக் கற்கும்? கலப்பையும் குழப்பத்தையுமே கற்கும். கற்றதையே தமிழர் பிள்ளைகட்குத் திருப்பிக் கற்பிக்கும்.

எனவே செய்யத்தக்கவை சிலவே, எளியனவே. பெற்றோர், பிள்ளைக்குக் கைப்பேசி தரும் நாளிலேயே அதிற் தமிழ் விசைப்பலகையை அமைத்துத் தருக. குடும்பக் குழுவிற் தமிழை உரோமன் எழுத்தில் எழுதும் இளையரைக் கடிந்து விலக்காது, தமிழெழுத்திலேயே மறுமொழி எழுதிப் பழக்குக. ஆசிரியர், மடல் வரையும் பயிற்சியைத் தாளோடு நிறுத்தாது கைப்பேசியிலும் வரையச் செய்க. கடையுடையார், விலைப்பட்டியையும் வாடிக்கையாளர்க்கு விடுக்கும் செய்தியையும் தமிழெழுத்தில் விடுக்க. தமிழன்பர் எனத் தம்மைக் கூறிக்கொள்வார், தம் கைப்பேசியைத் திறந்து, கடந்த பத்து நாளில் தாம் விடுத்த செய்திகளை ஒருமுறை நோக்குக. மேடையில் முழங்கும் தமிழுக்கும் கையில் ஓடும் எழுத்துக்கும் இடையே எத்துணைத் தொலைவு உள்ளதென அவரே அளந்துகொள்வர். ‘சிறீ’யைத் ‘திரு’வாக்கியதும் ‘நமசுகார’த்தை ‘வணக்க’மாக்கியதும் இத்தகைய சிறு கைச்செயல்களே. அன்று அஞ்சலட்டையில் முடிந்தது இன்று கைப்பேசியில் முடியாதா?

ஓலை போயிற்று, எழுத்து நின்றது. தொலைவரி போயிற்று, எழுத்து நின்றது. கைப்பேசியும் ஒருநாட் போகும். அதனினும் விரைவான ஒன்று வரும். அன்றும் நிற்கவேண்டியது எழுத்து. அதனை நிறுத்துவதும் வீழ்த்துவதும் இன்று விசையைத் தட்டும் விரலிடத்தே உள்ளன. விரல் தமிழனுடையது, எழுத்தும் தமிழாகுக!